முதலில் கானில் இறங்குங்கள்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 22. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வரவில்லை. லேண்ட்ஸ்கேப் டிசைனராக ஆசை. அம்மாவின் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசைக் கட்டிக் கொழும்பில் ஆறு மாத கம்ப்யூட்டர் டிசைன் கோர்ஸ் செய்யலாமா? கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் முதலில் வக்கீலாக இருந்தவர்தானே? அப்பா பங்களா தோட்டக்காரர். அடைமழையில் அவர் கான் (மழைநீர் வடிகால்) துப்பரவாக்கப் போகும்போதுகூட நான் பிளான் வரைந்து பழகுகிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரிதான் என்னைக் கோபப்படுத்தியது. அப்பா மழையில் நனைகிறார், வாலிபப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து கோடு போடுகிறார். இதையா ஆர்வம் என்கிறீர்கள்? மலைநாட்டுத் தோட்ட வடிவமைப்பில் பெரும்பங்கு, தண்ணீரை எந்த வழியாக இறக்குவது என்பதுதான். அந்த வழி கண்ணுக்குத் தெரிவது அடைமழையில். பூச்செடியெல்லாம் பிறகு.

நாளைக்கே மண்வெட்டியோடு அவருடன் போங்கள். கானின் சரிவைப் பார்க்க இரண்டு கம்பு, ஒரு குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து தொங்கும் நூலில் ஒரு கல்: ஏ வடிவ மட்டம் தயார். மண்ணில் அடித்த இரண்டு முளைகளின் மேல் நிறுத்தி, நூல் சட்டத்தில் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் சரிமட்டம். காலிடைவெளி 5 அடியானால், தாழ்வான பக்கக் காலின் அடியில் அரை அங்குலக் கட்டை ஒட்டுங்கள்; நூல் நடுப்புள்ளியில் நிற்கும்போது 120 அடிக்கு ஓர் அடி வாட்டம் கிடைக்கும். வாட்டம் கூடினால் நீர் கானின் அடியை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் அடைத்துக் கரை உடையும். சரிவில் மண்ணைத் தாங்கும் கற்சுவரும் அப்படித்தான். பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளுகிறது. சரளை போட்டு, நீர் வெளியேற ஓட்டை விடாத சுவர் நிற்காது. இதில் எதை உங்கள் பிளானில் வரைந்திருக்கிறீர்கள்?

பாவாவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். 1948இல் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கியவர், தொழில்நுட்ப அறிவு போதாதென்று கண்டு லண்டனில் படித்து, 1957இல், 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார்.

அம்மாவின் காசைத் தொடாதீர்கள். கொழுந்துக்கூடை சுமந்த முதுகுக்கு முதுமையில் அதுதான் பிடிமானம். அவரே நீட்டினாலும் பிள்ளை வாங்கக் கூடாது. உயர்தரம் எழுத இன்னும் வாய்ப்பு இருந்தால் எழுதுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான பட்டப்படிப்பு உண்டு. உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். இல்லையென்றால், செய்த ஒவ்வொரு வேலைக்கும் அளவு, திகதி, முன்னும் பின்னும் எடுத்த படம் என்று கொப்பியில் பதிந்து வாருங்கள். வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் பெறும் வழி, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. உங்கள் வேலைக்குப் பொருந்தும் பிரிவு எதுவென்று விசாரியுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிப் போய், அவர் பெயருக்கும் ஒரு விண்ணப்பம் வாங்குங்கள்.