எலியின் காதில் உண்ணி தேடும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். "நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை, எலிக்கு உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிற படிப்புக்குப் போகிறேன் என்கிறாள், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் கூடவே அனுப்பியிருந்த உங்கள் மகளுடைய நோட்டின் படங்களைப் பார்த்தேன். பார்த்த பிறகு கடிதத்தை மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு பக்கத்தில், புதுவயலில் உங்கள் அரிசி ஆலைக் கூண்டில் விழுந்த எலிகள். எதிர்ப்பக்கத்தில், கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் சிக்கிய எலிகள். ஆலை எலிகளுக்கு நேரே வரிசையாக "இல்லை, இல்லை, இல்லை". கரை எலிகளுக்கு நேரே "காதில் 4", "கண்ணோரம் 2". அடியில் பென்சிலால் "அங்கே மட்டும் ஏன்?" என்று கேட்டு வைத்திருக்கிறாள்.

இதற்குப் பதில் உண்டு. உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மாட்டின் மேலோ நாயின் மேலோ கழிப்பதில்லை, தரையில்தான் கிடக்கிறது. பல வகை உண்ணிகள் முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சாக வந்து ஒரு விலங்கில் ரத்தம் குடித்துக் கீழே விழும். தோலுரித்து எட்டுக் காலோடு எழுந்து இன்னொரு விலங்கைப் பிடிக்கும். மறுபடி விழும், வளரும், மூன்றாவதாக ஒன்றைத் தேடும். சின்ன வயதில் அதன் உயரத்துக்கு எட்டுவது எலிதான். வளர்ந்த பிறகே மாடு, நாய் எல்லாம். கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வரும் மாட்டிலிருந்து ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஒன்று கரையில் விழுந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கே சருகு இருக்கிறது, நிழல் இருக்கிறது, எலி வளைக்குள் ஈரம் இருக்கிறது. உங்கள் ஆலையின் சிமெண்டுத் தரையில் விழுந்தால் காய்ந்தே செத்துப்போகும். அதாவது எலியை விட அது வாழும் இடம்தான் கணக்கில் பெரிய புள்ளி. எல்லா உண்ணியும் இப்படி இல்லை. மாட்டுத் தொழுவத்தில் சாதாரணமாகப் பார்க்கிற உண்ணி குஞ்சிலிருந்து கடைசிவரை ஒரே மாட்டிலேயே இருந்துவிடும், எலிப் பக்கமே போகாது.

உங்கள் மகள் கேட்டிருப்பது இந்தத் துறையின் மையக் கேள்வி. காடு, வயல், புதர், வீடு என்று இடம் மாற மாற எலிகளின் உண்ணிச் சுமை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வேலை வெட்டி இல்லாமல் அல்ல. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கடைசியில் உண்ணி பரப்பும் ஒரு வைரஸ் என்று தெரிந்தது. காட்டு எலிகளும் மூஞ்சூறுகளும் அந்த உண்ணிக் குஞ்சுகளுக்குச் சோறு போடுகின்றன. மழைக்காலம் முடிந்ததும் நம் ஊர்ப் பத்திரிகைகளில் வருகிற "உண்ணிக் காய்ச்சல்" வேறு. ஸ்க்ரப் டைபஸ் என்கிற அதைப் பரப்புவது ஒரு சிலந்திப்பேனின் குஞ்சு, உண்ணி இல்லை. ஆனால் அதுவும் புதரில் திரியும் எலியின் காதில்தான் ஒட்டியிருக்கும்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

கால்நடை மருத்துவம் படிக்கட்டும், "டாக்டர்" என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்கிறீர்கள். கெட்ட யோசனை இல்லை. பி.வி.எஸ்சி. ஐந்தரை வருஷம். தமிழ்நாட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். நமக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது. முடித்துவிட்டு, விலங்கில் ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றிய ஒட்டுண்ணியியலில் மேற்படிப்புப் போனால் உண்ணியும் கிடைக்கும். எப்போது வேண்டுமானாலும் கால்நடை மருத்துவராக வேலையும் பார்க்கலாம். ஆனால் அந்த ஐந்தரை வருஷமும் பசுவுக்குப் பிரசவம் பார்ப்பதும் கோழிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும்தான். மருத்துவர் விலங்கைப் பார்ப்பார். உங்கள் மகள் இடத்தைப் பார்க்கிறாள். நோட்டைப் பார்த்தவரை, விலங்கியல் பட்டமே அவளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். கால்நடை மருத்துவ இடம் வந்துவிட்டால் உடனே பணம் கட்டிவிடாமல், ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

விலங்கியல் என்றால் வழி இப்படி: மூன்று வருஷம் பி.எஸ்சி., அப்புறம் எம்.எஸ்சி. நான் முதலில் சொல்வது புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க் கடத்தி (கொசு, உண்ணி போல நோய் பரப்பும் உயிர்கள்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். அங்கே பொது சுகாதாரப் பூச்சியியலில் இரண்டு வருஷ எம்.எஸ்சி. இருக்கிறது. (எட்டுக் கால் உண்ணி பூச்சியே இல்லை, சிலந்திக்குச் சொந்தக்காரன். இருந்தாலும் படிப்பது பூச்சியியலில்தான்.) காட்டுப் பக்கம் ஆசை என்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தலிலும் ஊட்டி அரசுக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. வெளியூரே வேண்டாம் என்றால், நம் அழகப்பா பல்கலைக்கழகத்தில் விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறை இருக்கிறது, ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

பணத்தை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. அது கிடைக்காவிட்டால் திட்ட உதவியாளர் வேலை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த திட்டம் வரும்வரை வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், சில சமயம் சம்பளமும் தாமதமாகும். பொது சுகாதாரத் துறையில் பூச்சியியல் வல்லுநர் பணியிடம் உண்டு, ஆனால் வருஷா வருஷம் ஆள் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. நிலையான சம்பளத்துக்கு இன்றிலிருந்து எட்டு, பத்து வருஷம் ஆகலாம். அதுவரை தாங்கிப்பிடிக்க வீட்டில் வசதி இருக்கிறதா என்பது நீங்களும் அப்பச்சியும் பேசவேண்டிய விஷயம். "எலி பிடிக்கிறவள் என்றால் யார் பெண் கேட்டு வருவார்கள்" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆச்சி. அது என் தொழிலும் இல்லை.

எனக்குள்ள கவலை வேறு. ஒருமுறை இப்படி ஒரு ஆய்வுக் குழுவோடு விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். முதல் நாள் சாயந்தரம் வைத்தது ஐம்பது பொறி. சிக்கியது மூன்று. மூன்றில் ஒன்று மூஞ்சூறு, அது எலி இனத்திலேயே சேராது. (பிள்ளையார் காலடியில் இருப்பது எது என்று அன்று முழுக்க எனக்குள் ஒரு வழக்கு ஓடியது.) மற்ற இரண்டில் ஒன்றுக்கு உண்ணியே இல்லை, மற்றதற்கு எண்ணி மாளவில்லை. இந்த வேலை இப்படித்தான். பெரும்பாலான எலிகளிடம் ஒன்றும் இருக்காது, ஏதோ சிலது மொத்தச் சுமையையும் சுமக்கும். ஆகவே சராசரி ஏமாற்றும், புள்ளியியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உயிரியல் பிடித்திருக்கிறது என்று கணக்கைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அதனால் ஒரு நிபந்தனை. தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள நாட்களில், விலங்கியல் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு மாதம் அவள் களத்துக்குப் போகட்டும். தினமும் விடியுமுன் எழுந்து, வெறும் பொறியாகவே பார்த்து, இருபதாம் நாளும் போகிறேன் என்றால் நான் அவள் பக்கம். காட்டில் பொறி வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். விலங்குகளைக் கையாள நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். அதையெல்லாம் பேராசிரியர் பார்த்துக்கொள்வார்.

அதுவரை ஆலைக் கூண்டில் விழுகிற எலியை வெறும் கையால் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதன் சிறுநீரே போதும் காய்ச்சல் வர. கரைப் பக்கம் போனால் வெளிர் நிற முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட், வந்ததும் குளியல். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

சனிக்கிழமை காலை அவளை அழைத்து வாருங்கள். நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கண்மாய்க் கரைப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூடத் தேதி போடவில்லை, அதை அவளிடம் கேட்க வேண்டும்.