நாயின் மலம் மாறினால்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: நேற்றிலிருந்து என் நாய் ஏழெட்டு முறை உட்கார்ந்து முக்குகிறது. கொஞ்சம் சளியும் கடைசியில் சொட்டு ரத்தமும்தான் வருகின்றன. மலமிளக்கி கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முக்கினாலே மலச்சிக்கல் என்று நினைப்பது பலரும் செய்யும் பிழை. பெருங்குடல் வீங்கிப் புண்பட்டால், உள்ளே ஒன்றுமில்லாதபோதும் போக வேண்டும்போல நாய்க்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அடிக்கடி, சிறிது சிறிதாக, சளியோடு போனால் கோளாறு பெருங்குடலில். ஒரு நாளில் மூன்று நான்கு முறை மட்டும், ஆனால் குடம் குடமாகப் போய், உடலும் இளைத்தால் சிறுகுடலைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் பட்டினி போடாதீர்கள். தோல் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு; இதை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு கூடாது. இரண்டு நாளில் தேறாவிட்டாலோ ரத்தம் கூடினாலோ மருத்துவரிடம் போங்கள். மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரைகளில் இருக்கும் லோபரமைடு என்ற மருந்து, கோலி இன நாய்கள் சிலவற்றின் மூளைக்குள் புகுந்து நஞ்சாகிவிடும்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி. வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தப் பேதி. நாளை வரை பார்க்கலாமா?

பதில்: இப்போதே கிளம்புங்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளுக்கு ஒரே நாளில் உடல்நீர் வற்றிவிடும். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

கேள்வி: மலம் தார் போலக் கறுப்பாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: இரும்புச்சத்து மாத்திரையோ கரித்தூளோ கொடுத்தீர்களா? அவையும் கறுப்பாக்கும். இல்லையென்றால், இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்து வெளியேறுகிறது என்று கொள்ளுங்கள். நனைத்த வெள்ளைத் தாளில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள்; ஓரங்களில் செம்பழுப்பு படர்ந்தால் ரத்தம்தான். வலி மாத்திரைகளால் வரும் புண்ணும் கொக்கிப்புழுவும் முக்கியக் காரணங்கள். வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென் கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈறு வெளிறியிருந்தால் அவசரம். வெளிறாவிட்டாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கேள்வி: குடற்புழு மருந்து கொடுத்த பிறகும் ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருக்கிறது.

பதில்: அவை நாடாப்புழுவின் துண்டுகள். உருண்டைப்புழுவுக்கான பைரன்டல் மட்டும் கொடுத்தால் இது சாகாது. பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்து, எடை பார்த்து, தேவை. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் பெரும்பாலும் இப்புழு வருகிறது. நாயின் உடலிலும் படுக்கையிலும் தெள்ளை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் திரும்ப அரிசி தெரியும்.

கேள்வி: உணவு மாற்றும்போதெல்லாம் பேதியாகிறது.

பதில்: குடல் பாக்டீரியாக்களுக்கு அவகாசம் கொடுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்து அரைப் பங்கு, பிறகு முக்கால். ஏழெட்டு நாளில் முழுமையாக மாற்றலாம். இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: பரிசோதனைக்கு மலம் எப்படி எடுப்பது?

பதில்: ஒரு தேக்கரண்டி அளவு போதும். மண் படாத மேல்பகுதியை எடுத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விடக்கூடாது. சில மணி நேரத்தில் கொண்டுபோவது நல்லது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிப்படாது. அதைச் சந்தேகித்தால் மூன்று நாள் மலத்தைத் தனித்தனி டப்பாக்களில் சேகரியுங்கள்.