ஆயுத பூஜைக்கு மறுநாள் காணாமல் போன ஹார்டு டிஸ்க்

கேள்வி: எங்கள் உரக்கடையில் ஏழெட்டு வருஷமாக ஒரே டெஸ்க்டாப்தான். ஆயுத பூஜைக்கு சிபியு பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி மேசையில் ஏற்றினோம். மறுநாள் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்து நிற்கிறது. ஃபேன் சுற்றுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் தட்டினால் சில நாள் விண்டோஸ் வந்துவிடுகிறது. பார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்காமலே "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்கிறார். அப்பாவின் கடன் கணக்கு முழுக்க அதில்தான். குறுவைக்கு உரம் வாங்கியவர்கள் பாக்கியே இன்னும் வரவில்லை. என்ன செய்வது?
- வாசகி, வலங்கைமான்

பதில்: முதலில் தட்டுவதை நிறுத்துங்கள், சகோதரி. நிமிடத்துக்கு 5400, 7200 சுற்று என்று சுழலும் தகட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு தூசி நுழையக்கூட இடம் கிடையாது. அதைத் தட்டிக் கிளப்புவது நல்லதுக்கில்லை. ஆனால் 'தட்டினால் வருகிறது' என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குப் பாதி பதிலைச் சொல்லிவிட்டது. செத்த டிஸ்க் தட்டினால் பிழைத்து, நாலு நாள் வேலை செய்து, மறுபடி சாவது அபூர்வம். எங்கேயோ ஒரு இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

மன்னார்குடியில் என் கடை மேசையில் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் வந்து பாருங்கள். சந்தனம் காயாத பெட்டிகள் வரிசையாக நிற்கும். வருஷம் முழுக்க அசையாமல் இருந்ததைத் தூக்கி, சாய்த்து, துணியால் அழுத்தித் துடைத்தால் உள்ளே கேபிள் நகராமல் என்ன செய்யும்? டிஸ்கை மதர்போர்டோடு, அதாவது எல்லா பாகங்களும் வந்து சேரும் தாய்ப் பலகையோடு, இணைக்கும் ஒயர்தான் சாட்டா டேட்டா கேபிள். அதன் முனை ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, அதற்குள் ஏழே ஏழு தொடுமுனை. பழைய கேபிள்களில் பிடித்துக்கொள்ள உலோகக் கிளிப்பும் இருக்காது. அரை மில்லிமீட்டர் சரிந்தால் போதும். திரையில் வரும் அந்த வாசகத்துக்கு 'கிளம்புவதற்கு ஒரு டிஸ்க்கைக் காணோம்' என்றுதான் பொருள். டிஸ்க் செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. பெட்டியைத் திறக்காமல் சாவுச் செய்தி சொன்னவரை இனி கூப்பிடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும். பின்னால் இரண்டு திருகைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடும். ஹார்டு டிஸ்கிலிருந்து இரண்டு கேபிள் போகும். ஒல்லியானது மதர்போர்டுக்கு, அகலமானது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, அதாவது பெட்டிக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பாவுக்கு. இரண்டையும் இரு முனையிலும் நேராகப் பிடித்து உருவி, மறுபடி முழுதாக உட்காரும் வரை தள்ளுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும், கவனம்.

அப்படியும் வரவில்லையா, காசு செலவழிக்காமல் ஒரு வழி இருக்கிறது. உங்கள் பெட்டியில் டிவிடி டிரைவ் இருக்கும். கடைசியாக அதை எப்போது திறந்தீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது. அதற்குப் போவதும் இதே சாட்டா கேபிள்தான், இதே பவர் முனைதான். இரண்டையும் கழற்றி ஹார்டு டிஸ்கில் மாட்டுங்கள். கேபிள், மதர்போர்டு துளை, பவர் முனை மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிப் பார்த்த மாதிரி ஆகும். பழைய நாலு முள் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு அடாப்டர் ஏதாவது நடுவில் இருந்தால் தூக்கி எறியுங்கள். ஒயரோடு சேர்த்தே பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்த அந்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகிக் கருகியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சுவிட்சைப் போடும்போது டிஸ்கின் ஓரத்தில் ஒரு விரலை வையுங்கள், அடியிலிருக்கும் சர்க்யூட் பலகையைத் தொடாமல். மெல்லிய அதிர்வு தெரிந்தால் மோட்டார் சுற்றுகிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் பவர் போகவில்லை, அல்லது பலகை போய்விட்டது. டக்... டக்... டக்... என்று பல்லி சொல்வதுபோல் கேட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அந்தப் பல்லி நல்ல சகுனம் சொல்லவில்லை. ஹெட் அடிபட்டிருக்கும், ஒவ்வொரு முறை போடும்போதும் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படும். டேட்டா எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் வரும் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்த மாத்திரத்தில் வேர்த்துக் கொட்டும். வேண்டாம்.

பலகையை மாற்றுகிறேன் என்பவரிடமும் ஜாக்கிரதை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீடியோ டிஸ்குக்கு, அதே மாடலில் இன்னொன்றை வாங்கிப் பலகையைக் கழற்றி மாட்டினேன். சுற்றியது, ஆனால் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவுத் திருத்தங்கள் பெரும்பாலும் பலகையிலுள்ள ஒரு சின்ன சிப்பில் எழுதப்பட்டிருக்கும். பழைய சிப்பைப் பெயர்த்துப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் விழிக்காமல் ஒரு மாதம் வேறு தெரு வழியாகப் போனேன். பலகையால் நல்லது நடந்ததும் உண்டு: வேதாரண்யம் பக்கம் உப்பளக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் ஒன்றில் பலகையைத் திருப்பினால், ஹெட்டுக்குப் போகும் தொடுமுனைகள் உப்புக் காற்றில் கறுத்துப்போயிருந்தன. பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் தேய்த்தேன், வந்துவிட்டது. அன்று இரவே எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தேன். இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம்.

விரல் வைத்தபோது அதிர்வு இருந்தால், கிளம்பும்போது டெல் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரைக்குள் போங்கள். டிஸ்கின் பெயர் அங்கே வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்படியே தேதியையும் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். அது தீரும்போது பூட் வரிசையும் (எந்த டிஸ்கிலிருந்து முதலில் கிளம்புவது என்பது) சாட்டா அமைப்பும் பழையபடிக்குத் திரும்பி, டிஸ்க் தெரிந்தும் விண்டோஸ் வராமல் நிற்பதுண்டு. டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, 'இனிஷியலைஸ் செய்யட்டுமா', அதாவது புது டிஸ்க் மாதிரி முதலிலிருந்து தயார் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் கேன்சலை மட்டும் அழுத்துங்கள்.

விண்டோஸ் வந்ததும் முதல் வேலை, கணக்கு ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுப்பது. தேங்காய் உடைப்பதெல்லாம் அப்புறம். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு மூன்று வரி பாருங்கள். 05, சி5 இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் தகடு பெரும்பாலும் நலம். சி7 என்பது கேபிள் வழியில் நடந்த தவறுகளின் எண்ணிக்கை. ஒருமுறை ஏறினால் இறங்காது. இன்று எவ்வளவு என்று குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறாமல் நின்றிருந்தால் கேபிள் கோளாறு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கிளிப் வைத்த புதுக் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டு, டிவிடி டிரைவுக்கு அதனுடையதைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வேகமாகட்டும் என்று புதிதாக எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும், தகடு சுழலாத டிஸ்க்) போட்டேன். வேகம் வந்தது, பழைய ஹார்டு டிஸ்கைக் காணோம்!
- வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் ஏதோ ஒரு சாட்டா துளையும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றில் ஆள் வந்தால் மற்றது மூடிக்கொள்ளும். எந்தத் துளை என்று போர்டு கையேட்டில் இருக்கும். கையேடு பரணில் கிடந்தால், டேட்டா கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றிப் பாருங்கள், வந்துவிடும்.