புதிய மானிட்டர், பழைய கண்ணாடி

கேள்வி: எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். இதுவரை 15 அங்குல லேப்டாப்பில்தான் வேலை. இரண்டு மாதங்களுக்கு முன் 27 அங்குல மானிட்டர் கொடுத்தார்கள். எழுத்து பெரிதாகத் தெரிந்தும், பிற்பகலுக்குள் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது, பின்கழுத்து இறுகிவிடுகிறது. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியாக உள்ள புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறேன். லேப்டாப்பில் இந்தத் தொந்தரவு இருந்ததில்லை. மானிட்டரின் ஒளி விழித்திரையைக் கெடுத்துவிடுமா? கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ கண்ணாடி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மானிட்டரின் ஒளியால் விழித்திரை கெடாது. மேகமூட்டமான நாளில் வெளியே நின்றால்கூட அதைவிடப் பன்மடங்கு ஒளி கண்ணுக்குள் செல்கிறது. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பின்கழுத்து இறுக்கம்தான். புரோகிரஸிவ் கண்ணாடி அணியும் ஒருவருக்கு, பெரிய மானிட்டருக்கு மாறியபின் கண் எரிச்சலும் கழுத்து வலியும் சேர்ந்து வந்தால், அந்தக் கண்ணாடி புதிய திரையின் தூரத்துக்கும் உயரத்துக்கும் பொருந்தவில்லை என்றே முதலில் சந்தேகிப்போம்.

வெள்ளெழுத்துக்காகத் தரப்படும் புரோகிரஸிவ் கண்ணாடியின் மேற்பகுதி தூரப் பார்வைக்கும், கீழ்ப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவில் வைத்துப் படிப்பதற்கும் அமைந்தவை; இடைப்பட்ட தூரத்துக்கு உரிய நடுப்பகுதி ஒரு குறுகிய பாதையாகவே இருக்கும். லேப்டாப் மேசையோடு தாழ்ந்து, அருகிலும் இருந்ததால், உங்கள் பார்வை இயல்பாகவே கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகச் சென்றது. 27 அங்குல மானிட்டரோ 60, 70 செ.மீ. தள்ளி, பெரும்பாலும் கண்மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கிறது. கண்ணாடியின் மேற்பகுதி வழியே பார்த்தால் எண்கள் மங்குவதால், நீங்கள் அறியாமலே முகவாயைத் தூக்கி அந்தக் குறுகிய பாதையைத் தேடுகிறீர்கள். அகலமான எக்செல் தாளில் ஒரு வரிசையைப் படித்து முடிக்கத் தலையையே இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. வேலையில் ஆழ்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து உங்களை ஒரு படம் எடுக்கும்படி சக ஊழியரிடம் சொல்லுங்கள். முகவாய் உயர்ந்திருந்தால் கழுத்து வலிக்குக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே மானிட்டரை இறக்குங்கள். மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வோம். புரோகிரஸிவ் அணிபவர்களுக்கு அதற்கும் கீழே, இரண்டு மூன்று அங்குலமாவது தாழ்ந்திருப்பது நல்லது. திரையைச் சற்றுப் பின்பக்கமாகச் சாய்த்து, கை நீட்டினால் விரல் நுனி தொடும் தொலைவில் வையுங்கள். உயரத்தைக் குறைக்க முடியாத ஸ்டாண்டாக இருந்தால் நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். இவ்வாறு அமைத்த பிறகு கண்ணிலிருந்து திரை வரையிலான தூரத்தை டேப்பால் அளந்து, அந்த அளவைக் கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி எழுதித்தர முடியும். அதில் சேர்க்கும் பவர் பெரும்பாலும் படிப்பதற்குக் கூட்டித் தரும் பவரில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். அது அலுவலக மேசைக்கு மட்டுமே உரியது. அதை அணிந்துகொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் பலமுறை அரைகுறையாகவே இமைக்கிறோம். திரை உயரமாக இருந்தால் இமைகள் அகலத் திறந்து, கண்ணீர்ப் படலம் மேலும் விரைவாக உலர்ந்துவிடும் என்பதால், மானிட்டரை இறக்குவது இதற்கும் மருந்தாகிறது. ஏசி காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராக முகத்தில் அடிக்காதபடி உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார்த்து, அப்போது நான்கைந்து முறை இமைகளை முழுமையாக மூடித் திறவுங்கள். அதன் பிறகும் உறுத்தினால், கண்ணீரைப்போலக் கண்ணை ஈரமாக வைக்கும், பதப்படுத்தும் பொருள் சேர்க்காத கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மருந்தை நாளுக்கு மூன்று, நான்கு முறை விடலாம். ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு மருந்துக் கடையில் கிடைப்பதை வாங்கி விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், தொடர்ந்து விடும்போது கண் அழுத்தம் உயர்ந்து கண் நரம்பு பாதிக்கப்படலாம்.

புதிய மானிட்டர்கள் பலவும் தேவைக்கு மீறிய பிரைட்னஸுடன் வருகின்றன. திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதன் அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். தாளைவிடத் திரை விளக்குப்போல ஒளிர்ந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை குறையுங்கள். சில மானிட்டர்கள் பின்னொளியை வேகமாக அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. சிலருக்கு அந்தத் துடிப்பே தலைவலியைத் தரும். செல்போன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைப் பார்க்கும்போது கரும்பட்டைகள் ஓடினால், பிரைட்னஸைச் சற்றே கூட்டிவைத்து, தலைவலி குறைகிறதா என்று பாருங்கள். சன்னல் வெளிச்சம் கண்ணையோ திரையையோ நேராகத் தாக்காதபடி, சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

ப்ளூ கட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது குறுகிய காலத்தில் இது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது. கெடுதல் இல்லை, ஆனால் அந்தப் பணத்தை மேசைக் கண்ணாடிக்குச் செலவிடுங்கள்.

இவற்றைச் செய்தும் மூன்று நான்கு வாரங்களில் குறையாவிட்டால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். பார்வை திடீரென மங்குதல், இரட்டையாகத் தெரிதல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தியுடன் கூடிய கடும் கண்வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே செல்ல வேண்டும். கண்ணாடிப் பரிசோதனைக்குப் போகும்போது கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் கண்ணாடியின் பவரும் மாறும் என்பதால், அதற்கு முன்பே இரத்தச் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள். விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் வண்டி ஓட்ட ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.