சளி இல்லை, காய்ச்சல் இல்லை... குழந்தைக்கு ஏன் மூச்சிரைக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 7 மாதம். 3-வது மாதத்திலிருந்தே வேகவேகமாக மூச்சு வாங்குகிறான். விலா எலும்புகளுக்கு நடுவே உள்ளே இழுக்கிறது. ஆன்டிபயாடிக், நெபுலைசர் எதிலும் பலனில்லை. எடையும் ஏறவில்லை. தூக்கத்தில் ஆக்சிஜன் அளவு 89-க்கு இறங்குகிறது. அபூர்வ நுரையீரல் நோயாக இருக்கலாம், பயாப்ஸி தேவைப்படலாம் என்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஸ்டீராய்டு காத்திருக்கட்டும், ஆக்சிஜன் காத்திருக்கக் கூடாது. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே அதைத் தொடங்கிவிட வேண்டும். 89 தொடர்ந்து நீடித்தால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் சிரமப்படும். பொதுவாக 92, 93-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வோம்.

அபூர்வ நோய் என்று முடிவு கட்டுமுன், அதைவிட அதிகம் காணப்படும் காரணங்களை விலக்க வேண்டும். இதயக் கோளாறுக்கு எக்கோ, நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு வியர்வைப் பரிசோதனை, நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கு ரத்தப் பரிசோதனை. பால் நுரையீரலுக்குள் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இது பலமுறை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தால், அடுத்தது நுரையீரலின் நுண்ணிய சி.டி. ஸ்கேன். நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது ‘நெஹி’. நியூரோ எண்டோகிரைன் செல் ஹைப்பர்பிளேசியா ஆஃப் இன்ஃபன்சி என்பதன் சுருக்கம் அது; மூச்சுக்குழாய்களில் ஒருவகை செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும் குழந்தைப் பருவ நுரையீரல் நோய். மருத்துவ உலகம் இதைத் தெளிவாக விவரித்ததே 2005-ல்தான். வலது நடு மடலிலும் இடப்பக்க மேல் மடலின் ஒரு பகுதியான லிங்குலாவிலும் புகை படிந்ததுபோல் வெண்மை, ஆங்காங்கே காற்றுத் தேக்கம் என்பது அதன் ஸ்கேன் அடையாளம். அறிகுறிகளும் அதோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் பயாப்ஸி வேண்டியதில்லை. நெஹிக்கு ஸ்டீராய்டு பயன்படாது, பக்கவிளைவுதான் மிஞ்சும். ஆக்சிஜனும் ஊட்டமுமே சிகிச்சை. சிலருக்கு ஆக்சிஜன் வருடக்கணக்கில்கூடத் தேவைப்படும். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் வளர வளரத் தேறிவிடுகிறார்கள்.

ஸ்கேன் வேறு மாதிரி இருந்தால், நுரையீரல் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் பொருளில் பிறவிக் குறை இருக்கலாம். ஏபிசிஏ3 போன்ற மரபணுக்களை ரத்தத்திலேயே பரிசோதிக்கலாம். அந்த வகைகளில் சிலவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதுண்டு. மரபணு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நிலைமை மோசமானால் பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூச்சு வாங்குவதிலேயே அவன் சக்தி செலவாகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, கலோரி கூடிய உணவு கொடுங்கள். புகைப்பவர் பக்கத்தில் விடாதீர்கள். 6 மாதம் முடிந்துவிட்டதால் ஃப்ளூ தடுப்பூசி போடலாம். உதடு நீலமானாலோ, பால் குடிக்கவே முடியாமல் போனாலோ, மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.