போதைப் பழக்கத்திலிருந்து மீளக் கைப்பேசிச் செயலிகள் உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் எதற்கு உதவுகின்றன, எதற்கு உதவுவதில்லை என்று பிரித்துப் பார்க்காவிட்டால், விளம்பரத்தை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழக்க நேரிடும். போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். நோயாளிகளின் வீட்டார் கேட்கும்போது சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

இத்துறையில் முறையான சோதனைக்குப் பின் அங்கீகாரம் பெற்ற முதல் செயலி, பியர் தெரபியூடிக்ஸ் நிறுவனத்தின் 'ரீசெட்'. மது, கஞ்சா, கொகெய்ன் முதலியவற்றுக்கு அடிமையானவர்களுக்காக, மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மட்டுமே கிடைக்கும்படி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 செப்டம்பரில் இதற்கு அனுமதி அளித்தது. 12 வாரங்கள் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையுடன் இந்தச் செயலியின் பாடங்களைக் கணினி வழியாகவும் பயன்படுத்தியவர்களில் 40.3 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 17.6 விழுக்காட்டினரும் போதையைத் தவிர்த்திருந்தனர். பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: பாடங்களை முடித்ததற்கும், சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று உறுதியானதற்கும் அந்த நோயாளிகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. ஆகவே அந்த வெற்றியைத் திரையில் வந்த பாடங்களின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

அதைவிடச் சிந்திக்க வைப்பது, ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளுக்காக 2018 டிசம்பரில் அனுமதி பெற்ற, அதே நிறுவனத்தின் 'ரீசெட்-ஓ' செயலி. ஓபியாய்டு ஏக்கத்தைக் குறைக்கத் தரப்படும் பூப்ரினார்ஃபின் மருந்தை உட்கொண்ட 170 பேரிடம் நடந்த சோதனையில், அது போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் செயலியைப் பயன்படுத்தியவர்களில் 82.4 விழுக்காட்டினர் 12 வாரங்களும் சிகிச்சையில் நீடித்தனர். செயலி இல்லாத பிரிவில் நீடித்தவர்கள் 68.4 விழுக்காடு. இதைச் சிறிய பயன் என்று நான் கருதவில்லை. சில வாரங்கள் போதைப்பொருளை விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. அவர் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு, முன்பு எடுத்த அதே அளவை மீண்டும் எடுக்கும்போது மூச்சு அடங்கி இறந்துபோகும் ஆபத்து மிக அதிகம். அந்த வகையில், ஒருவரைச் சிகிச்சையில் தக்கவைப்பதே உயிர் காக்கும் வேலைதான்.

இத்தனை இருந்தும், காப்பீட்டு நிறுவனங்கள் போதிய அளவில் பணம் தராததால் பியர் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவாலானது. செயலிகள் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயின.

இலவசச் செயலிகளைப் பொறுத்தவரை என் முதல் கவலை அந்தரங்கம். அமெரிக்காவில் குடிப்பழக்கத்துக்கு இணையவழிச் சிகிச்சை அளித்த 'மான்யூமென்ட்' என்ற நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவல்களை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டி அந்நாட்டு வணிக ஆணையம் 2024இல் நடவடிக்கை எடுத்தது. கட்டணம் வாங்கிச் சிகிச்சை அளித்த நிறுவனத்திலேயே இது நடந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வேலைக்கோ திருமணத்துக்கோ தடையாகிவிடும் என்று அஞ்சியே நம் ஊரில் பலர் மருத்துவரிடம் வரத் தயங்குகின்றனர். அப்படிப்பட்டவர்கள் உண்மைப் பெயரையும் முதன்மைத் தொலைபேசி எண்ணையும் முன்பின் அறியாத செயலியில் பதியாமல் இருப்பது நல்லது.

இந்தியாவில் இருப்பவர்கள் செயலியைத் தேடுவதற்கு முன் தொலைபேசியை எடுக்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். இரண்டும் கட்டணமில்லாதவை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தாக வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர், செயலி சொன்னது என்று ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில நாள்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல் ஆகியவை ஏற்படலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த முதல் வாரத்தை மருத்துவமனையில் கழித்துவிட்டு வந்த பிறகு எந்தச் செயலி என்று யோசிக்கலாம்.