பழைய டிராக்டரில் செல்ஃப், சார்ஜிங் வயரிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: புது பேட்டரி போட்டும் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான், அதிலும் பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் கேபிளை. செல்ஃப் சுற்றும்போது 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லக் (கேபிள் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) துருப்பிடித்திருந்தாலோ, பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் போல்ட் போட்டிருந்தாலோ அத்தனை கரண்ட் போகாது.

கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் சுரண்டிய உடம்பில் தொட்டுக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் இடையே இதே மாதிரி பாருங்கள். இரண்டு பக்கமும் சரி, பேட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் அப்புறம் செல்ஃபைக் கழற்றலாம்.

புது கேபிள் 50 சதுர மி.மீ. செம்பில் போடுங்கள். வெல்டிங் கேபிள் வாங்கினால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், அலுமினியத்திலும் விற்கிறார்கள். சுத்தியலால் தட்டிய லக் வேண்டாம், கிரிம்பிங் டூல் இருக்கும் கடையில் அழுத்தி வாங்குங்கள்.

கேள்வி: டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டோம். சார்ஜ் ஆகவே இல்லை. சார்ஜ் லைட்டும் எரியவில்லை.

பதில்: அந்த லைட்தான் காரணமாக இருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் எழும்பாது. 2 அல்லது 3 வாட் சாதா பல்பு போடுங்கள், எல்இடி ஒத்துவராது. டைனமோவுக்கு இருந்த பழைய கட்-அவுட்டை (பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் பெட்டி) வயரிங்கிலிருந்து முழுசாக எடுத்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரும் பழசு போதாது. 35 ஆம்பியர் என்றால் குறைந்தது 6 சதுர மி.மீ. வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் வேலை முடிந்தது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று: பழைய இங்கிலாந்து மாடல்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே கருகிவிடும்.

கேள்வி: சாவி சுவிட்ச் கெட்டுவிட்டது. கீழே நின்று ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபைத் தொட்டு ஸ்டார்ட் செய்கிறோம். பரவாயில்லையா?

பதில்: தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். வண்டி கியரில் இருந்தால், ஸ்டார்ட் ஆன வேகத்தில் பின் டயர் உங்கள் மேலேயே ஏறும். இப்படி உயிர் போயிருக்கிறது. ஒரு புஷ் பட்டன் வாங்கி, சீட்டில் உட்கார்ந்தால் மட்டுமே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். வண்டி கியரில் இருந்தால் செல்ஃபைச் சுற்றவிடாத நியூட்ரல் சேஃப்டி சுவிட்சை யாராவது ஒதுக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்திருந்தால் அதையும் மறுபடி இணைத்துவிடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் கொக்கிக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஆல்டர்னேட்டர் வயர்களையும் சேர்த்துக் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தைக் கொக்கிக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்.